அந்நியன் யார்?

"வங்காளதேசத்தான் வந்தான், நம் பிழைப்புப் போயிற்று" என்னும் புலம்பல் இன்று தோட்டந்தோறும் கேட்கிறது. கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் மட்டுமன்று, தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்திலுங்கூட இப்பேச்சு எழுந்துவிட்டது. சென்ற மாதம் நாம் சென்றிருந்த கூட்டமொன்றில் ஓர் அன்பர் எழுந்து, "மூன்று வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறவனுக்குச் சங்கம் எதற்கு? சந்தா எதற்கு?" என்று முழங்கினார். கைதட்டல் பலமாயிருந்தது. தட்டியவர்களுள் கிராணிமாரும் இருந்தனர்.

அந்த அன்பரின் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தாரென்று நாம் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் நாணியிருக்கமாட்டார். பாட்டனார் கதையை நம்மவர் கண்ணீரோடுதான் சொல்கின்றனர், ஆனால் அதிலிருந்து பாடம் கற்பதில்லை. 1910ஆம் ஆண்டோடு சஞ்சிக்கூலி முறை நின்றது. பின்னர்க் கங்காணி ஆள் பிடித்தான். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற கூலிப் பயணத்தைத் தடை செய்யும்வரை பிடித்தான். வந்தவரெல்லாம், "கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவோம்" என்றே வந்தனர். அவர்களும் தற்காலிகத் தொழிலாளரே. 1930க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவரைத் திரும்பவும் கப்பலேற்றி அனுப்பினர். மரம் வெட்ட ஆள் வேண்டியபோது வருந்தி அழைத்ததும், வேண்டாதபோது சாக்குமூட்டைபோல் ஏற்றியதும் ஒரே கைதான்.

பழைய காலத்துச் செய்தியென்று தள்ளுவோருக்கு இன்னொன்று சொல்வோம். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையில்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாதென்றாயிற்று. ஆயுள் முழுதும் இம்மண்ணில் பால்மரம் வெட்டிய தமிழர், சிவப்பு அடையாளச் சீட்டு வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக, ஒரே இரவில் அந்நியராயினர். அக்காலத்தில் இந்தியா திரும்பியோர் ஏறக்குறைய 60,000 பேரென்று கணக்கிடப்படுகிறது. அந்நியன் என்னும் பெயர் பிறப்பினால் வருவதா, ஒரு காகிதத்தினால் வருவதா என்பதை நம்மைவிட அறிந்தோர் யார்?

நிற்க, இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவனின் நிலை என்ன? அவன் ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைக்கிறான்; கடனோடுதான் விமானம் ஏறுகிறான். இங்கு வந்ததும் அவன் பெர்மிட்டில் ஒரே முதலாளியின் பெயர். அந்த முதலாளியை விட்டு விலகினால் அவன் வேலையில்லாதவன் மட்டுமல்லன், சட்டவிரோதி. கூலி குறைந்ததென்று தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் உள்ளூரானுக்கும் வெளியூரானுக்கும் ஒன்றுதான். ஆனால் வழக்குத் தொடுத்தவனின் பெர்மிட்டை ரத்துச் செய்துவிட்டால், விசாரணை முடியும்வரை அவன் சிறப்பு அனுமதிச்சீட்டின்மேல் வேலை செய்யாமல் காத்திருக்க வேண்டும். வேலையின்றி ஒரு மாதம் எவன் உண்பான்? ஊரிலே வட்டி நிற்குமா? ஆகவே அவன் வாய் திறப்பதில்லை. "அவன் சாது, அவன் எதிர்த்துப் பேசமாட்டான்" என்று நிர்வாகிகள் புகழ்கின்றனர். நம் பாட்டன்மாரையும் இதே சொல்லால்தான் புகழ்ந்தனர்.

இவ்விடத்தில் கிராணிமாராகிய நாம் நம்மைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஆபீசில் ஓர் இரும்புப் பெட்டியுண்டு. அதில் நெடுங்காலம் நூற்றுக்குமேற்பட்ட பாஸ்போர்ட்டுகள் ரப்பர் வளையத்தால் கட்டி அடுக்கியிருந்தன. "பத்திரத்துக்காக" என்று மேலிடத்தில் சொன்னார்கள். நாமும் கேட்டவர்க்கெல்லாம் அதையே சொன்னோம். பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமென்பதை நாம் அறியாமலில்லை. தாயின் சாவுக்குப் போக வேண்டுமென்று ஓர் இளைஞன் மேஜைமுன் நின்றபோது, "துரை வரட்டும்" என்றோம். துரை வர இரண்டு நாளாயிற்று.

அதற்கும் மேலாக ஒன்று. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு படித்த நாம், கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் காட்டினோமேயன்றி, மேலே எழுதியிருந்ததை ஒருவனுக்கேனும் வாசித்துப் பொருள் சொன்னோமில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர் என்ன கேட்டனர்? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்க வேண்டுமென்னும் அவமானம் ஒழிதல் இவற்றோடு, துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் தொழிலாளப் பெண்களை இம்சிப்பது ஒழிய வேண்டுமென்றும் கேட்டனர். அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் வருவோர் நாம். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதனை எளிதில் அப்புறப்படுத்தியது எதனால்? அவரும் கப்பலேற்றத்தக்க அந்நியராயிருந்ததனாலன்றோ?

இனி, அவனால் கூலி குறைந்தது என்னும் வாதத்துக்கு வருவோம். இதில் பாதி உண்மையுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. இரண்டு ஆள் செய்யும் வேலையை ஒருவன் தலையில் கட்டி, மழையிலும் ஞாயிறன்றும் வெட்டச் சொன்னால், மறுக்கத்தக்க உள்ளூரானை எந்த முதலாளி விரும்புவான்? ஆயின் அவன் மலிவானது அந்நியனாயிருப்பதனாலன்று, மறுக்க முடியாதவனாயிருப்பதனால். 1941க்கு முன் சீனத் தொழிலாளரும் தமிழனைப் பார்த்து, "இவன் குறைந்த கூலிக்கு உழைத்து விலையைக் கெடுக்கிறான்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதில் பொய்யில்லை. தமிழனை விரட்டியா கூலி உயர்ந்தது? தமிழன் சேர்ந்து நின்று கேட்டபின்னரன்றோ உயர்ந்தது!

1954இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியபோது, பால்வெட்டுகிறவர் பெரும்பாலும் நம்மவர். சங்கம் பேசினால் தோட்டம் பேசியதாகும். இன்று வெளிக்காட்டில் நிற்போருள் பெரும்பகுதியினர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும். அவர்களை விட்டுவிட்டுச் சம்பள ஒப்பந்தம் பேசப் போகும் சங்கம் யார் பெயரால் பேசும்? "வேலைநிறுத்தம் செய்வோம்" என்று அது சொன்னால் நிர்வாகம் நகைக்கும். மறுநாளும் குலை ஆலைக்குப் போய்ச் சேரும். தொழிற்சங்கச் சட்டம் அந்நியன் உறுப்பினனாவதைத் தடுக்கவில்லை. நிர்வாகப் பொறுப்பேற்பதைத்தான் பல்லாண்டு விலக்கி வைத்தது. சந்தா கொடு, வாய் திறவாதே என்பது என்ன நியாயம்? அதை மாற்றக் கோருவதும், பெர்மிட்டை ஒரே முதலாளியோடு கட்டாமல் அதே தொழிலில் வேறு தோட்டத்துக்கு மாற உரிமை கேட்பதும் நம் சங்கத்தின் முதற்கோரிக்கைகளாக வேண்டும். இவை அவனுக்குச் செய்யும் தருமமன்று. மறுக்கும் வலிமை அவனுக்கு வந்த நாளில்தான் நம் பிள்ளைகளுக்கும் தோட்டத்தில் மதிப்பான வேலை வரும்.

"பாஷை தெரியாதே" என்கின்றனர் சிலர். ஆறு மாதத்தில் அவன் மலாய் பேசுகிறான். கடைக்காரனோடு பேரம் பேசுகிறான். நம்மோடு மட்டும் பேசமுடியாதா? அடுத்த கிளைக் கூட்டத்தின் அறிவிப்பைத் தமிழோடு மலாயிலும் வங்காளத்திலும் எழுதி, பெரட்டுக் களத்திலும் அவர்கள் லயத்திலும் ஒட்டவேண்டும். மலாயில் நாம் எழுதித் தருகிறோம். வங்காளம் எழுதத் தெரிந்தவர் ஐந்தாம் லயத்திலேயே இருக்கிறார், ஊரில் வாத்தியாராயிருந்தவராம். இதுவரை அவரை எவரும் கேட்கவில்லை.