மைக் முதலீடு ஆகாது

வடசென்னை விம்கோ நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பேச்சுப் பயிற்சியில் கொடுத்த சிறு புத்தகம் ஒன்று எங்கள் பகுதியில் கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் அந்தப் பயிற்சியை நடத்துபவர். ஆளை விட்டுவிடுகிறேன், வாதத்துக்கு வருகிறேன். தொழில் தொடங்கப் பணமும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். மேடையில் பேசத் தெரிந்தால் வாடிக்கையாளர் தானாகத் தேடி வருவார் என்கிறார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மேடைக்கு வரச் சொல்கிறார். இது பொய். கடன் வாங்கிப் பிழைக்கும் ஊரில் சொல்லப்படுவதால் ஆபத்தான பொய்.

முதல் சாட்சியாக அவர் திரு.வி.க.வை இழுத்து வருகிறார். திரு.வி.க. பேசினார், தொழிற்சங்கம் வளர்ந்தது. அதுபோல நீங்கள் பேசினால் உங்கள் கம்பெனி வளரும் என்பது அவர் கணக்கு. வடசென்னைக்காரன் எவனும் இதைப் பொறுத்துக்கொண்டு போக முடியாது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கு முதல் காரணம் பேச்சு அல்ல, வயிறு. பி அண்ட் சி மில்லில் சாப்பிட அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிய தொழிலாளர்கள் தங்கள் குறையை அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரிடமும் இராமாஞ்சலு நாயுடுவிடமும் கொட்டினார்கள். அந்த இருவரும்தான் பின்னர் சங்கத்தின் தலைவரான பி.பி.வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். குறை இருந்தது, கேட்க ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேடை வந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அங்கே எதையும் விற்கவில்லை. பேசியதற்குக் கிடைத்தது என்ன? கதவடைப்பு வந்தது. மில்லை நடத்திய பின்னி நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாடியா உள்ளிட்டோருக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. 1926 தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். வழக்கையும் அடக்குமுறையையும் விலையாகக் கொடுத்துப் பேசியவர்களைத் தன் கட்டண வகுப்புக்கு விளம்பரமாக நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

அடுத்து பட்டிமன்றம். மைக்கைப் பிடித்தே வாழ்ந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அவர்கள் வாழ்க்கையை அவர் விசாரித்ததாகவே தெரியவில்லை. சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர். லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாரதி பாஸ்கர் வங்கி அதிகாரியாக இருந்தவர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையில் இருந்துகொண்டுதான் இவர்கள் மேடையில் பெயர் வாங்கினார்கள். வேலையை விடு என்று சொல்கிறவருக்கு இவர்களில் ஒருவர்கூடச் சாட்சி ஆக மாட்டார். வாரன் பஃபெட் டேல் கார்னகி பேச்சு வகுப்பில் சேர்ந்து கூச்சம் தெளிந்த கதையும் புத்தகத்தில் வருகிறது. உண்மைதான். ஆனால் பெஞ்சமின் கிரகாமிடம் முதலீடு படித்தவர் அவர். சொல்வதற்குச் சரக்கு இருந்தது, வாய் திறப்பதில்தான் தயக்கம் இருந்தது.

இவ்வளவு தூரம் போனவர் பக்கத்திலிருக்கும் திருவொற்றியூரைப் பார்க்கவில்லை. 1946-இல் அங்கே ஒரு சின்னக் கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு தானே தெருத்தெருவாகப் போய் விற்றார். 1952-இல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பர், அறுபதுகளில் டயர் என்று எம்ஆர்எஃப் படிப்படியாக வளர்ந்தது. பலூன் ஓட்டையாக இருந்தால் எந்தப் பேச்சும் அதை உப்ப வைத்திருக்காது.

என் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி அந்தப் பயிற்சிக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். கடைசி அமர்வில் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்துக் கைதட்டச் சொல்லிவிட்டு, அடுத்த நிலைப் பயிற்சிக்கு ஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். அன்று ஒருநாள் மட்டும் சலுகையாம். வாசலில் கார்டு தேய்க்கும் மிஷினோடு ஒரு பையன் நின்றிருக்கிறான். அதற்கும் கட்டிவிட்டு வந்தார்.

சில வாரம் கழித்து அந்தத் தம்பி ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரியிடம் தான் கடைந்த புஷ் சாம்பிளைக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். அதிகாரி மைக்ரோமீட்டரை வைத்து வெளிவிட்டத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. உள் துளை லூஸ். தம்பி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவர் கண்ணைப் பார்த்துத் தன் வாழ்க்கைக் கதையைத் தொடங்கினார். அதிகாரி புஷ்ஷை மேசையில் வைத்துவிட்டு, “அளவு வரட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்” என்றார். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு உள் துளையைக் கடைய ஒரு நல்ல போரிங் பாரும் அளவுக் கருவியும் வந்திருக்கும்.

இங்கே சிறு பட்டறைகள் நொடிப்பது முதலாளிக்குப் பேசத் தெரியாததால் அல்ல. செய்துகொடுத்த வேலைக்குப் பணம் வராததால். சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி என்று 2006 ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் அதைக் கேட்பதேயில்லை. ஒரு பட்டறைக்காரருக்குப் பேச்சு தேவைப்படும் இடம் இதுதான்: பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவைக் காட்டி, தேதியைச் சொல்லிப் பணத்தைக் கேட்பது. அந்தப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பேசக் கற்றுக்கொள்வது நல்லது. அதை நான் மறுக்கவில்லை. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற லாப நோக்கமில்லாத மன்றங்களில் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். பேசுவதையே தொழிலாகக் கொண்ட உபன்யாசகர்களும் பட்டிமன்றக்காரர்களும் பேச்சைக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள், அது நாணயமான பிழைப்பு. இந்தப் பயிற்சியாளர் விற்பது வேறு. பேசினால் பணம் வரும் என்று பேசியே பணம் வாங்குகிறார். அவர் காட்டும் ஒரே வெற்றிகரமான வியாபாரம் அவருடையதுதான். அதற்குப் பணம் கொடுப்பவர்கள் எங்கள் பகுதிக்காரர்கள்.

அடுத்த மண்டபத்தைப் பிடிப்பதற்கு முன் அவர் ஒரு கணக்கை வெளியிடட்டும்: இதுவரை எத்தனை பேர் கட்டணம் கட்டினார்கள், ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் கட்டிய பணத்தையாவது சம்பாதித்தார்கள் என்று. அது வரும்வரை விம்கோ நகரிலோ எண்ணூரிலோ யாரும் அந்த ஃபார்மில் கையெழுத்துப் போடாதீர்கள்.