கூலியும் கொடையும்

கல்லூரியின் விழா மலரிலே ஆசிரியர் பெருமையும் மாணவர் புகழும் இடம்பெறுதல் மரபு. அம்மரபினை நாமும் போற்றுகின்றோம். எனினும், எம் கல்லூரி வாங்குகளில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எவ்வருவாயைக் கொண்டு இங்கு வந்து சேர்கின்றனர் என்பதனை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் பழைய மாணவராகிய எம் கடனாகும். குறைந்த கூலிக்கு உழைத்தல் குடும்பத்துக்கு நலமா, அரசின் உதவிப்பணத்தை நம்பியிருத்தல் நலமா என்னும் வினா இராகலைக் கடைவீதியிலும் லயத்து வாசலிலும் எழுகின்றது. அதற்கு நேரிய விடை காண முயல்வோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2023 இல் தொடங்கப்பட்ட அஸ்வெசும திட்டத்தின்கீழ், மிக வறிய குடும்பத்துக்குரிய மாதாந்த உதவி 15,000 ரூபாவாக இருந்து, 2025 சனவரி முதல் 17,500 ரூபாவாயிற்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021 இல் ஆயிரம் ரூபாவை எட்டியது; 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசின் பொறுப்பில் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து, 1,750 ரூபா என வகுத்தது. பெருக்கிப் பார்ப்பின், கழிவுகளுக்கு முன் பத்து நாட் சம்பளம் 17,500 ரூபா. மிக வறிய குடும்பம் ஒரு மாதத்துக்குப் பெறும் உதவியும், கொழுந்து பறிக்கும் தாய் பத்து நாட் பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று பெறும் கூலியும் ஒரே தொகை என்க.

மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைப்பின் வருவாய் 43,750 ரூபா. அன்றியும், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துகின்றனர். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் தருகின்றார். முதுமைக்கென ஒரு சிறுதொகை சேர்கின்றது. மாதந்தோறும் வந்து மாதந்தோறும் கரையும் உதவிப்பணத்தில் அவ்வாறு சேர்வதற்கு எதுவுமில்லை. ஆதலின் வேலையே மேலென்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால், இம்மேன்மை முழுவதும் வேலைநாள்களின் எண்ணிக்கையிலேயே தங்கியுள்ளது. வறட்சியிற் கொழுந்து குறைய, வேலைநாளும் குறைகின்றது. குறித்த கிலோவை எட்டாத நாளில் ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தை அறியாதார் எம்முள் இலர். முழுப்பேர் பன்னிரண்டே விழுந்த மாதத்தில் வருவாய் 21,000 ரூபா. உழைப்புக்கும் உதவிக்கும் இடையே அப்போது எஞ்சுவது 3,500 ரூபாவே! கம்பளியும் மருந்தும் பிள்ளையின் பஸ் கட்டணமும் அதனுள் அடங்குமோ?

இவ்விடத்து ஒரு பழைய அநீதியையும் நினைவுகூர்தல் வேண்டும். 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது, மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கே அஃது உரியதாயிற்று. சிறு வியாபாரியின் வருவாயை எவரும் எழுதி வைப்பதில்லை. தோட்டத் தொழிலாளியின் வருவாயோ செக்றோலிலே சதம் பிசகாமற் பதியப்பட்டிருந்தது. கணவன், மனைவி, மூத்த பிள்ளை ஆகியோரின் கூலியெல்லாம் கூட்டப்பட்டபோது, தோட்டக் குடும்பங்களுட் பெரும்பாலானவை எல்லைக்கு வெளியே நின்றன. அக்கூலி வயிற்றை நிரப்பவில்லை. உதவிக்கான வாயிலை மட்டும் அடைத்தது. அஸ்வெசும திட்டம் வருமானத்தோடு நில்லாது கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளையும் நோக்குவது அவ்வகையில் வரவேற்கற்பாலது.

உதவி கொடுத்தாற் சோம்பல் வளரும் என்பாரும் உளர். விடியற்காலையிற் பிள்ளை மடுவத்திற் குழந்தையை விட்டு, கூடையுடன் மலையேறும் பெண்ணிடம் இவ்வுபதேசத்தைச் சொல்ல எவர்க்கு நா எழும்? எம் இளைஞர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடுவது உதவிப்பணத்தை நம்பியன்று. தோட்டக் கூலி போதாமையாலேயாம்.

உதவிக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு பற்றி இங்கிலாந்தின் வரலாறு இரு பாடங்களைத் தருகின்றது. 1795 இல் ஸ்பீன்ஹாம்லாந்து என்னுமிடத்திற் கூடிய நீதவான்கள், கூலி போதாத உழைப்பாளர்க்கு ரொட்டியின் விலையைக் கணித்துப் பொதுநிதியால் ஈடுசெய்ய முடிவு செய்தனர். குறையைப் பொதுநிதி நிரப்பியதால், கூலியை உயர்த்தும் கட்டாயம் முதலாளிக்கு இல்லாது போயிற்றெனப் பின்னர்ப் பலர் குறை கூறினர். 1834 ஆம் ஆண்டுச் சட்டமோ மறுகோடிக்குச் சென்றது. உதவி பெறுவோனின் நிலை, கடைநிலைத் தொழிலாளியின் நிலையினும் தாழ்ந்தே இருத்தல் வேண்டுமென அது வற்புறுத்தியது. கூலியை உயர்த்தாமல், உதவியைத் தாழ்த்தியே உழைப்புக்கு மேன்மை தேட முயன்றனர். அவ்வழி எமக்கு வேண்டா.

ஆகவே, அரசு தரும் 200 ரூபாவை நன்றியுடன் ஏற்கும் அதேவேளை, நாளை முதலாளிமார் தரவேண்டிய உயர்வுக்கு அஃது ஈடாகிவிடாமற் காத்தல் தொழிற்சங்கங்களின் பொறுப்பாகும். நாட்கூலியின் தொகைக்காகப் போராடுவது போன்றே, நாள்களின் தொகைக்காகவும் அவை போராடுதல் வேண்டும். கிராமத்துக் குடும்பமொன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலையைச் சட்டத்தாலேயே உறுதிசெய்ய இந்தியப் பாராளுமன்றம் 2005 இல் முன்வந்தது. வேலைநாளைச் சட்டத்தால் உறுதிசெய்தல் ஆகாத காரியமன்று என்பதற்கு அதுவே சான்று.

உழைக்கும் குடும்பத்தின் கையில் உதவி பெறும் குடும்பத்தினும் மிகுதியாக எஞ்சுதல் வேண்டும்; உழைத்தும் போதாத மாதத்தில் உதவியும் அக்குடும்பத்தை எட்டுதல் வேண்டும். இரண்டையும் எதிரெதிர் நிறுத்துதல் தவறு என்பதே எம் துணிபு.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். எம்முள் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கிராம உத்தியோகத்தரும் உளர். விண்ணப்பத்தையும் மேன்முறையீட்டையும் பிழையற எழுதத் தெரியாமையால், உரிய உதவியை இழக்கும் குடும்பம் ஒன்றேனும் எம் அயலில் இருத்தலாகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணிநேரம், கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து அப்படிவங்களை நிரப்பிக் கொடுப்போமாக. சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்க்கவும் துணைநிற்போமாக. செக்றோலிற் பெயர் பதிந்த பெற்றோரின் கூலியாற் கற்றவர் நாம். அக்கடனைத் தீர்க்க இவ்விழா ஆண்டினும் ஏற்ற காலம் வேறில்லை.