மேட்டுநாட்டுக் கடலோரத்தில் சில நாட்கள்

கோடை நெருங்கும்போதெல்லாம், இங்கிலாந்தில் தாதியராகவும் பொறியியலாளராகவும் பணிபுரியும் நம் பங்குப் பிள்ளைகளின் மடல்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறுகிறது. "சாமி, பத்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது, பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?" இலண்டன் மாநகரின் அரும்பொருட்காட்சிகளையும் கேளிக்கைப் பூங்காக்களையும் அவர்கள் முன்னமே பார்த்து முடித்திருப்பார்கள். அத்தகையோருக்கு நாம் ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கரையைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். மலைகள் நேராகக் கடலில் வந்து இறங்கும் மேட்டுநாடு அது. கிளென்ஃபினன், அரிசேக், மோரார், மாலேக், நொய்டார்ட் என்னும் ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் தேடிப் பார்த்துவிட்டு அவர்கள் மறுமடல் எழுதுகிறார்கள்: "அங்கே ஒன்றுமே இல்லையே, சாமி. போய் என்ன செய்வது?"

இக்கேள்விக்கே இம்மாதம் விடை கூற விழைகின்றோம்.

முதலாவது, இரயிலில் செல்க. ஃபோர்ட் வில்லியம் நகரிலிருந்து மாலேக் துறைமுகம் வரை செல்லும் இருப்புப்பாதை 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கிளென்ஃபினனில் 21 வளைவுகளோடு வளைந்து நிற்கும் பெரும் பாலத்தைப் பிள்ளைகள் திரைப்படங்களில் கண்டு அறிந்திருப்பார்கள். இரும்புக் கம்பி ஏதும் உள்ளே வைக்காமல் முழுதும் காங்கிரீட்டால் எழுப்பப்பட்ட பாலம் அது. கட்டுமான வேளையில் ஒரு குதிரை வண்டியோடு தூண் ஒன்றினுள் விழுந்து புதையுண்டது எனும் கதை அப்பக்கத்தில் நெடுங்காலம் வழங்கிவந்தது. கிளென்ஃபினன் தூண்களுள் தேடியும் அது அகப்படவில்லை. 2001-ஆம் ஆண்டில், அதே பாதையில் சற்றுத் தொலைவிலுள்ள லோக் நான் உவாம் பாலத்தின் தூணில்தான் அதன் எச்சம் கருவிகளால் கண்டறியப்பட்டது. ஊர்க்கதை பொய்யன்று, இடம் மட்டுமே மாறிவிட்டது! கோடையில் இப்பாதையில் ஓடும் நீராவி இரயிலுக்குக் கட்டணம் மிகுதி. அதே தண்டவாளத்தில் செல்லும் சாதாரண இரயிலின் சன்னலிலும் அதே மலையும் அதே ஏரியுமே தெரிகின்றன என்பதைச் சிக்கனம் பேணும் குடும்பத் தலைவர்களுக்குச் சொல்லி வைக்கின்றோம்.

இரண்டாவது, கடற்கரை. அரிசேக்கிற்கும் மோராருக்கும் இடைப்பட்ட மணல் வெண்மையானது; ஆழமற்ற இடங்களில் நீர் பச்சைக் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். ஆனால் குளிர் எலும்பைத் தொடும். நம் கடலில் குளித்துப் பழகியவர்கள் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம். பாறைத் திட்டுகளில் கடல்நாய்கள் படுத்துக் கிடப்பதைக் காணலாம். மாலேக்கிலிருந்து கப்பலேறினால் எக், ரம், மக், கன்னா என்னும் சிறு தீவுகளுக்குச் செல்லலாம். அழிந்துபோன வெண்வால் கடற்கழுகை நார்வே நாட்டிலிருந்து கொணர்ந்து மீண்டும் குடியேற்றும் முயற்சி 1975-இல் தொடங்கியது இந்த ரம் தீவில்தான். இன்று அக்கரையெங்கும் அக்கழுகு வட்டமிடுவதைப் பொறுமையுள்ளோர் காண்பர்.

பொறுமை என்றதும் மழையையும் பூச்சியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மழை நாள்தோறும் வரும் என்று எண்ணிக்கொண்டு புறப்படுக. வராத நாள் வரமாகத் தோன்றும். சூன் முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத மந்தமான காலையிலும் மாலையிலும் 'மிட்ஜ்' எனப்படும் கடுகளவுப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் எழுந்து கடிக்கும். தியானத்தில் மூழ்கிய முனிவரையும் எழுந்தோடச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. சிறிது காற்று வீசினாலும் அவை பறக்கமாட்டா. ஆகையால் நிற்காமல் நடப்பதும் காற்றுப்படும் இடத்தில் அமர்வதுமே தக்க காப்பு. புல்வெளியில் நடந்து திரும்பியபின் பிள்ளைகளின் கால்களில் உண்ணி ஒட்டியுள்ளதா என்று தாய்மார் பார்த்தல் வேண்டும். அது நோய் பரப்பக்கூடியது.

இனி, நாம் சிறப்பாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம்.

1560-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திருப்பலியைத் தடைசெய்தபின், அந்நாட்டின் பெரும்பகுதியில் கத்தோலிக்க மறை மறைந்தது. மலையும் கடலும் அரணாய் நின்ற இக்கரையிலோ, 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த பிரான்சிஸ்கு சபைக் குருக்களின் உழைப்பால் விசுவாசம் அணையாமல் நின்றது. மோரார் ஏரி 310 மீட்டர் ஆழமுடையது. பிரிட்டானியத் தீவுகளின் ஏரிகளுள் இதுவே மிக ஆழமானது. அதன் மேற்கு ஓரத்திலுள்ள ஈலன் பான் என்னும் மரமடர்ந்த சிறு தீவில், 1714-இல் ஆயர் ஜேம்ஸ் கார்டன் மறைவாக ஒரு சிறு குருமடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே மூண்ட கலகத்தால் அது நெடிது நிலைக்கவில்லை. 1746-இல் அரசுப் படையினர் வந்து தீவிலிருந்த ஆயரின் இல்லத்தைச் சூறையாடினர். குருமடம் என்றால் நெடிய தாழ்வாரங்களும் மணியோசையும் நினைவுக்கு வரும் எம் போன்றோர்க்கு அத்தீவைக் கரையிலிருந்து நோக்குதலே ஒரு பாடமாக இருந்தது.

வேத கலாபனைச் சட்டங்கள் 1793-இல் தளர்ந்தன. பிற்பாடு எழுந்த கோயில்களுள் கிளென்ஃபினன் கோயில் 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. மணிக்கோபுரம் எழுப்பப்படாமலே போனமையால், அதன் பெரிய மணி இன்றும் கோயிலின் அருகே தரைமீது நிற்கிறது. பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கலாம்; கோபுரத்தின் உச்சியில் இருந்திருந்தால் இப்பேறு கிட்டியிராது.

ஏரியின் வடகரையோரமாகக் கிழக்கே ஏறத்தாழ ஏழு மைல் நடந்தால், டார்பெட் என்னும் சிறு வளைகுடாவை அடையலாம். கோடையில் அங்கிருந்து மாலேக்கிற்குப் படகு உண்டு; நேரத்தை முன்னமே கேட்டறிந்து கொள்ளாவிடில் ஏழு மைலும் திரும்பி நடக்க நேரும். வழிநெடுக மக்களைக் காண்பது அரிது. சுற்றுலாக் கையேடுகள் இதனை 'மனிதக் கை படாத இயற்கை' என்று புகழ்கின்றன. அன்பர்களே, இதனை நம்ப வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். மாலைச் சூரியன் தாழ்ந்து ஒளி சாய்வாக விழும்போது எதிர்ச்சரிவை உற்று நோக்குக. புல்லுக்கடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தென்படும். கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து எருவாக இட்டு, உருளைக்கிழங்கும் தானியமும் விளைவித்த பாத்திகளின் தடம் அது. அருகே கூரையிழந்த கற்சுவர்கள் நிற்கும். ஒவ்வொன்றினுள்ளும் ஓர் அடுப்பு எரிந்தது. அவற்றை எண்ணுமாறு பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அம்மக்கள் எங்கே போயினர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை வேண்டுமாயின், மாலேக்கிலிருந்து அரை மணிப்பொழுதளவு படகில் சென்று நொய்டார்டில் இறங்குதல் வேண்டும். அதன் தலையூரான இன்வெரிக்கு வெளியுலகிலிருந்து சாலை இல்லை. படகில் வரலாம், அல்லது கின்லோக் ஹோர்னிலிருந்து மலைவழியே சுமார் 16 மைல் நடக்கலாம். 1853-ஆம் ஆண்டில் இந்நிலத்தின் உரிமையாளர், ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டி, குடிமக்களை வெளியேற்றினார். 300-க்கும் மேற்பட்டோர் 'சில்லரி' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். ஏற மறுத்தோரின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. முதியோரும் நோயாளரும் இடிந்த சுவர்களின் நிழலிலும் பாறைகளின் அடியிலும் ஒதுங்கினர். அவ்வொதுக்கிடங்களையும் ஆட்கள் மீண்டும் மீண்டும் வந்து கலைத்தனர். சான்டேக் என்னும் கடலோரத்தில் வாழ்ந்த பங்குக்குரு கோல் மக்டொனால்டு, தம் இல்லத் தோட்டத்தில் கூடாரங்கள் அமைத்து, வீடிழந்தோருள் தம்மால் இயன்ற அளவினரைச் சேர்த்துக்கொண்டார். அவர் ஆற்றிய மறையுரைகள் எவையும் நம் கைக்கு எட்டவில்லை. தோட்டம் மட்டும் வரலாற்று நூலில் இடம்பெற்றுவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 1948-இல் நொய்டார்டைச் சேர்ந்த ஏழு ஆடவர், பெரும் பண்ணையாகக் கிடந்த நிலத்தில் தமக்கென எல்லைக் கோல்கள் நட்டு உழத் தொடங்கினர். அவர்களுக்குத் துணைநின்றவர் அவ்வூர்ப் பங்குக்குரு காலின் மக்பெர்சன். பின்னாளில் இவர் ஆர்கைல் தீவுகள் மறைமாவட்டத்தின் ஆயரானார். நீதிமன்றம் நிலவுடைமையாளருக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது, எழுவரும் தோற்றனர். எனினும் அரை நூற்றாண்டு கழித்து, 1999-இல், அவ்வூர் மக்கள் வெளியார் பலரின் துணையோடு ஓர் அறக்கட்டளை அமைத்து, நிலத்தில் ஒரு பகுதியை விலைகொடுத்து வாங்கினர். எக் தீவினர் அதற்கு ஈராண்டு முன்னரே, 1997-இல், தம் தீவை வாங்கியிருந்தனர். ஏழு பேரின் நினைவாக இன்வெரியில் கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. படகைவிட்டு இறங்கியதும் அதன் முன் சற்று நிற்பது நன்று.

நொய்டார்டில் செய்வதற்கு வேறு என்ன உண்டு? 1,020 மீட்டர் உயரமுள்ள லார் பென் மலை உண்டு. பயிற்சியும் நல்ல காலணியும் நிலப்படமும் இல்லாதோர் அதை அண்ணாந்து பார்த்தலே போதும். கடலோரமாகச் சான்டேக் நோக்கிச் செல்லும் பாதை குடும்பங்களுக்கு ஏற்றது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் தனியார் மலையிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடக்கலாம். சிறு கூடாரம் அடித்துத் தங்கலாம். அவ்வுரிமைக்கு மறுபக்கமும் உண்டு. திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுச் செல்லுதல், குட்டியீன்ற ஆடுகளின் அருகே போகாதிருத்தல், குப்பையைத் தன்னோடு எடுத்துச் செல்லுதல் ஆகியன அதில் அடங்கும். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்குமாதலால், மலையேறுமுன் ஊராரைக் கேட்டறிதல் வேண்டும். லோக் ஷீல் ஏரியிலுள்ள புனித ஃபினன் தீவில், பாழடைந்த கோயிலின் பீடத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டுப் பன்னூறாண்டு காவலின்றி இருந்த வெண்கலக் கைமணி 2019-இல் களவாடப்பட்டது என்னும் செய்தியையும் ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். வருவோர் அனைவரும் விருந்தினர் அல்லர் போலும்.

காலையில் வந்து நிழற்படம் எடுத்து மாலைப் படகில் திரும்புவோரே மிகுதி. நீங்கள் அவ்வாறு செய்யாமல், இரண்டு இரவேனும் தங்குக. இன்வெரியின் மதுவிடுதியும் 2022 முதல் ஊராருக்கே உரிமையானது. அதில் உணவும் கிடைக்கும். மது அருந்தாதோர் உணவருந்தப் போகலாம், தவறில்லை. ரொட்டியையும் பாலையும் பெருநகரக் கடையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சுமந்து போகாமல் ஊர்க்கடையிலேயே வாங்குக. விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். சூலை, ஆகஸ்டு மாதங்களில் அறைகள் வெகுமுன்னரே நிரம்பிவிடும். மே மாதமாயின் மிட்ஜ் பூச்சியும் குறைவு, இடமும் கிடைக்கும், வெளிச்சமோ இரவு ஒன்பது மணி கடந்தும் நீடிக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே இறுதியில் ஒரு வாரம் உண்டென்று நம் மக்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வாரத்திற்கான படகையும் அறையையும் பொங்கல் முடிந்த கையோடு பதிவு செய்துகொள்க.