பந்தை ஓடவிட்ட லூயிஸ் சுவாரெஸ்

லூயிஸ் சுவாரெஸ் என்றவுடன் இக்காலத்து இளைஞர்களுக்கு உருகுவே நாட்டு வீரரே நினைவுக்கு வருவார். நாம் இவ்வாரம் கூறப் புகுவது அவரைப் பற்றியன்று. அதே பெயரைத் தாங்கி, அதே பார்சலோனாக் கழகத்தில் அவருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னர் ஆடிய ஸ்பானிய வீரரைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

ஸ்பானியாவின் வடமேற்கு மூலையில் அத்திலாந்திக் கரையிலுள்ள லா கொருன்யா நகரில் 1935ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த இவர், பதினெட்டாவது வயதில் ஊர்க் கழகமாகிய டெப்போர்ட்டிவோவுக்கு ஆடினார். விரைவிலேயே பார்சலோனா அவரை அழைத்துக்கொண்டது. அங்கே குபாலா என்னும் ஹங்கேரிய வீரர் முடிசூடா மன்னராக விளங்கினார். இரசிகர்கள் குபாலா கட்சி, சுவாரெஸ் கட்சி எனப் பிரிந்தனர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். இங்கோ கூத்தாடியே சொந்த மைதானத்தில் சீழ்க்கையொலி கேட்க நேர்ந்தது.

ஆயினும் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் பார்சலோனா லீக் கிண்ணத்தை வென்றது. 1960இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்கான தங்கப் பந்து சுவாரெஸுக்குக் கிடைத்தது. ஸ்பானிய மண்ணிற் பிறந்த வேறோர் ஆடவர் அதனைப் பெறுவதற்கு, 2024இல் ரொட்ரி வரும்வரை, 64 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

இத்தகைய வீரரை 1961இல் விற்றுவிட்டனர். 1957இல் திறந்த காம்ப் நூ மைதானத்தின் கடன் கழகத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இத்தாலியின் இன்டர் மிலான் கழகம் கொடுத்த இரண்டரைக் கோடி பெசெட்டா, அதுவரை உலகில் எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத பெருந்தொகை. வீட்டுக் கடனைத் தீர்க்கக் கிணற்றை விற்றவன் செயல் இது என்பதே நம் கருத்து. பார்சலோனா மறுபடியும் லீக் கிண்ணத்தைக் கண்டது 1974இலேதான்.

மிலானில் பயிற்றுநர் ஹெலேனியோ ஹெரேரா அவரைச் சற்றுப் பின்னிழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். பார்சலோனாவில் கோலுக்கு அண்மையில் நின்று தாமே கோல் போட்ட வீரர், இப்போது மற்றவர்களுக்கு வழி சமைப்பவரானார். இன்டர் அணியின் தற்காப்பு முறையை இத்தாலியர் தாழ்ப்பாள் என்றே அழைத்தனர். பின்களத்தார் பந்தைப் பறித்ததும் சுவாரெஸிடம் சேர்ப்பர். பந்து வருமுன்னரே அவர் களத்தை ஒருமுறை நோக்கி முடித்திருப்பார். பின்பு, வலப்புறம் விரையும் ஜாயிருக்கோ, நடுவே பாயும் மட்சோலாவுக்கோ, இடது பின்களத்திலிருந்து ஏறிவரும் ஃபக்கெத்திக்கோ, பாதி மைதானத்தைக் கடந்து பந்து பறக்கும். அது வீரரின் காலடியிலன்று, அவர் ஓடிச் சேரவேண்டிய வெற்றிடத்திலே விழும். தாம் வீணாக ஓடாமல் பந்தையே ஓடவிட்டவர் அவர். தாழ்ப்பாளிடப் பலர் இருந்தனர். கதவைத் திறக்க இவர் ஒருவரே இருந்தார்.

1964 மே மாதம் வியன்னாவில் ரியல் மட்ரிட்டை 3-1 என வென்று இன்டர் ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. ஒரு மாதம் முடியுமுன் மட்ரிட் நகரில் சோவியத் அணியை 2-1 என வென்ற ஸ்பானிய அணியிலும் சுவாரெஸ் ஆடினார். அடுத்த ஆண்டும் ஐரோப்பியக் கிண்ணம் இன்டருக்கே.

அவருடைய பெறுமதியை 1967 மே மாதம் லிஸ்பனில் நடந்த இறுதியாட்டம் காட்டிற்று. காயத்தால் அவர் ஆடவில்லை. இன்டர் முதலில் ஒரு கோல் போட்டும், பின்களத்திலிருந்து பந்தை வெளியே கொண்டுசெல்ல வழியறியாது செல்ட்டிக் அணியின் முற்றுகைக்குள் அகப்பட்டு 2-1 எனத் தோற்றது.

1970இல் சம்ப்டோரியாவுக்குச் சென்று மூன்றாண்டுகள் ஆடி ஓய்ந்தார். 1990 உலகக் கிண்ணத்தில் ஸ்பானிய அணியின் பயிற்றுநராகவும் இருந்தார். 2023 ஜூலை மாதம், தமது 88ஆவது வயதில், மிலான் நகரிலேயே காலமானார்.