பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்



பாம்பனில் கரையேறிய மீனை ஏலம் விடும்போது, வாங்குகிறவரின் தலைக்குள் ஒரே சமயத்தில் பல கணக்கு ஓடும். இந்தக் கூடை எவ்வளவுக்குப் போனது, ஐஸுக்கு என்ன கொடுத்தோம், பழைய பாக்கி யாரிடம் நிற்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனையையும் வாய்க்கணக்காகவே பார்த்துவந்த ஒரு பெண் முப்பத்தைந்து வயதில் தடுமாறினால், வீட்டில் என்ன சொல்வார்கள்? "முன்ன மாதிரி இல்ல, கேட்டா முழிக்கிறா" என்பார்கள். சோம்பல் என்பார்கள், திமிர் என்றும் சொல்வார்கள்.

தண்டுவட மரப்பு நோயாகவும் அது இருக்கலாம். டாக்டர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடும் நோய் இது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கண் மங்கினால், கால் மரத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ஆனால் உறை அரித்த இடங்களில் விழும் தழும்புகள் மூளையிலும் உண்டாவதால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனையும் தளர்கிறது. பாரிஸ் மருத்துவர் சார்க்கோ 1868-இல் இந்த நோயை விவரித்தபோதே நினைவு மங்குவதையும் எண்ணம் மெதுவாவதையும் குறித்துவைத்தார். அதன் பிறகும் வெகுகாலம் மருத்துவம் கைகால்களையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

பெரும்பாலும் முதலில் குறைவது யோசிக்கும் வேகம். பிறகு, புதிதாகக் கேட்டது மனதில் தங்காது. இரண்டு வேலையைச் சேர்த்துப் பார்க்க முடியாது. பேச்சும் பழைய அறிவும் பெரும்பாலும் நெடுநாள் நிற்கும். நன்றாகப் பேசுகிறவருக்கு என்ன நோய் என்று ஊர் கேட்பது அதனால்தான். தளர்ச்சி ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல.

இந்தத் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க 90 விநாடிப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. தாளின் மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே குறிகள் மட்டும் வரிசையாக இருக்கும். உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நோய் தெரிந்ததும் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நிபுணர்கள் 2018-இல் பரிந்துரைத்தார்கள். மதுரைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள், "யோசனை மெதுவாகிறது" என்று நீங்களாகவே வாய்திறந்து சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்காதீர்கள்.

நம் கடற்கரைக்காரர்கள் வெயிலையும் கவனிக்க வேண்டும். உடல் சூடேறினால், உறை இழந்த நரம்பில் செய்தி தடுமாறும். உடலை வருத்தி உழைத்ததும் இந்த நோயாளிகளின் பார்வை சிறிது நேரம் மங்குவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இலேயே எழுதினார்; அதற்குக் காரணம் சூடு என்பது பிறகுதான் தெரிந்தது. அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன மத்தியானத்தில் தலை ஓடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். நிழலில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டதும் தெளிந்தால், பெரும்பாலும் அது சூட்டின் வேலை. தெளியாமல் நாள் முழுக்க நீடித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். பேங்க், பணக் கணக்கு எல்லாவற்றையும் காலைக் குளுமையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இந்த நோய்க்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டிவியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்ததைத் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டில் கைகொடுத்த வழி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்