மூச்சுக்கும் ஓர் அளவு உண்டு

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்பார்வை ஆகியவை பொதுவாக ஏட்டில் ஏறுகின்றன. எல்லாமே தொழிலாளி ஓய்வில் இருக்கும்போது எடுப்பவை. உழைக்கும்போது அவர் இதயமும் நுரையீரலும் தசைகளும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு: மேற்கொண்டு முடியாது என்னும் அளவுக்கு உழைக்கையில், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் மில்லிலிட்டர் கணக்கு. ஓய்வில் உடலின் ஆக்சிஜன் நுகர்வு ஏறத்தாழ 3.5. கிளீவ்லாந்து கிளினிக் 1,22,000 பேருக்கு மேற்பட்டோரின் டிரெட்மில் பரிசோதனைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, தாங்குதிறன் மிகக் குறைவாக இருப்பது புகைப்பழக்கத்துக்கும் நீரிழிவுக்கும் சளைக்காத மரண அபாயம். அப்படிப்பட்ட எண் நம் ஏட்டில் இல்லாதது பெரிய குறை.

ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். அசெம்ப்ளி லைனில் ஒரே இடத்தில் நின்று கையை மட்டும் அசைப்பது இதயத்துடிப்பைப் போதிய அளவு உயர்த்துவதில்லை. பாரம் தூக்குவது ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, ஆனால் உடல் தேற இடைவெளி தருவதில்லை. வேலையில் படும் பாடு ஓய்வுநேர உடற்பயிற்சியின் பலனைத் தருவதில்லை என்று ஐரோப்பிய ஆய்வுகள் பல சொல்கின்றன. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் தேன்கனிக்கோட்டைக்கோ சூளகிரிக்கோ திரும்புபவரின் களைப்பை உடற்தகுதி என்று எண்ணிவிடக் கூடாது.

முகமூடியும் வாயுப் பகுப்பாய்வுக் கருவியும் கொண்ட சோதனைக்குச் செலவு அதிகம்தான். ஆனால் படியேறும் சோதனைக்கு 41 சென்டிமீட்டர் உயரப் பலகை, ஒரு மெட்ரோனோம், ஒரு கடிகாரம் போதும். ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை என மூன்று நிமிடம் ஏறி இறங்கவேண்டும். முடிந்த ஐந்தாவது நொடியிலிருந்து 15 நொடி நாடி பார்க்கவேண்டும். நாடி நிமிடத்துக்கு 150 என்றால், சூத்திரப்படி ஆணுக்கு அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு சுமார் 48. இந்தச் சூத்திரம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து உருவானது. நாற்பது வயதுத் தொழிலாளிக்கு அப்படியே பொருந்தாது, குள்ளமானவர்களுக்குப் பலகையின் உயரமே சிரமம். ஆனாலும் அவரையே அவரோடு ஆண்டுதோறும் ஒப்பிட இது உதவும். முதலில் ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சுவலி உள்ளவர்களை விலக்கிவிட்டால் பயமும் குறையும். வீடு தேடி வந்து பரிசோதிக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே ஓசூர் இருக்கும் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்க்க முடிந்த மாவட்டத்துக்கு இது கைக்கு எட்டாததல்ல.

மெய்யாகவே அஞ்சவேண்டிய ஆட்சேபம் வேறு: எண் குறைந்தவரை, குறிப்பாக கான்ட்ராக்ட் தொழிலாளியை, நிர்வாகம் கழித்துக்கட்டலாம். ஆகவே தனிநபர் எண் அவரிடமும் மருத்துவரிடமும் மட்டுமே இருக்கவேண்டும். நிர்வாகத்துக்குப் பெயரில்லாத, ஷிப்ட் வாரியான சராசரி மட்டுமே போகவேண்டும். நைட் ஷிப்டின் சராசரி ஆண்டுக்கு ஆண்டு சரிந்தால், விளக்கம் சொல்லவேண்டியது தொழிலாளி அல்ல, ஷிப்ட் அட்டவணை போட்டவர்.