பூசை விளக்கும் இரண்டரை மணி நேரமும்



மாலை ஆறரைக்கு எரியவேண்டிய எங்கள் சிங்கப்பூர் வீட்டுப் பூசையறை மின்விளக்கு, தினமும் இரவு ஒன்பதுக்குத்தான் எரிந்தது. கடைக்காரர் ஸ்மார்ட் பிளக்கையே மாற்றச் சொன்னார். பிளக்கில் ஒரு கோளாறும் இல்லை. அதன் செயலிக் கணக்கு இந்தியாவில், ஊரில் இருந்தபோது தொடங்கியது. அதனால் செயலியில் இந்திய நேரமே ஓடிக்கொண்டிருந்தது!

இன்னொன்று: மின்சாரம் ‘டிரிப்’ ஆகித் திரும்பினால் பல ஸ்மார்ட் பல்புகள் நள்ளிரவிலும் பளிச்சென்று எரியும். பேயுமில்லை, ஹேக்கருமில்லை. ‘மின்சாரம் வந்ததும் முந்தைய நிலை’ என்று செயலியில் மாற்றலாம். அந்த வசதி எல்லாப் பல்பிலும் இருக்காது, கேட்டு வாங்கவேண்டும்.

ஸ்மார்ட் சாதனங்களுக்கென சிங்கப்பூரில் 2020ல் வந்த இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் இதையெல்லாம் சொல்லாது. சாதனத்தின் இணையப் பாதுகாப்பு எந்த அளவு என்று காட்டுவதே அதன் வேலை. எனவே தேக்கா வட்டாரக் கடைகள் இந்தக் குறிப்புகளைத் தமிழில் அரைப்பக்கம் அச்சடித்துப் பெட்டியோடு கொடுக்கலாமே. தனியே வசிக்கும் முதியவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

– வாசகி, பஃபலோ ரோடு